விடியலுக்கும் துணை வேண்டும்

கார்த்திகை முதல் தேதி கழுத்தில் மாலை விழுந்ததும் ஒருவர் வேறு ஆளாகிவிடுகிறார். டாக்டர் எத்தனை தடவை சொல்லியும் சிகரெட்டை விடாதவர் அன்றோடு நிறுத்துகிறார். ஒன்பது மணிக்கு முன்னால் கண் விழிக்காதவர், இருட்டு பிரிவதற்குள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு விளக்கு முன் நிற்கிறார். கறி இல்லை, குடி இல்லை, காலில் செருப்பு இல்லை, வாயில் கடுஞ்சொல் இல்லை. 41 நாள் இப்படி ஓடுகிறது. சபரிமலை போய் வந்து மாலையைக் கழற்றிய சில நாட்களில், அதே மனிதர் பழைய நேரத்துக்கு எழுந்து, பழைய பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார். தமிழ்நாட்டில் இந்தக் காட்சி இல்லாத தெரு குறைவு. முதல் பாதியைப் பார்த்து பக்தியின் சக்தி என்கிறோம். இரண்டாம் பாதியைப் பார்த்து மனித மனம் குரங்கு என்கிறோம். அந்த உறுதி எங்கிருந்து வந்தது, மாலையோடு சேர்ந்து எங்கே போனது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த 41 நாட்களில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறியது என்று பார்த்தால் பதில் தெரிகிறது. உடுத்துகிற வேட்டியின் நிறம் மாறியது. டீக்கடைக்காரரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். வழக்கமாகக் குடிக்க அழைக்கும் நண்பன் அழைப்பதில்லை. வீட்டில் அசைவம் நின்றுவிட்டது. காலையில் எழுப்ப ஆள் உண்டு, மாலையில் சரணம் சொல்லக் கூட்டம் உண்டு, தடுமாறினால் கேட்கக் குருசாமி உண்டு. குளிக்கும் நேரம், உட்காரும் இடம், சாப்பிடும் வேளை எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. அவருடைய மன உறுதிக்குச் சோதனை வரும் தருணங்களே மிகச் சில. மாலை கழன்றதும் இத்தனை முட்டுகளும் ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. தனியாக நிற்கும் உறுதி சரிகிறது.

உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஒழுங்கான தினசரி வழக்கம் வேண்டும் என்று இன்று சொல்லாதவர்கள் இல்லை. ஐந்து மணிக்கு எழுங்கள், தியானம் செய்யுங்கள், நடங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள் என்று யூடியூபில் ஆயிரம் குரல்கள் கேட்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தனி மனிதரிடம், அவருடைய வைராக்கியத்தை மட்டும் நம்பிப் பேசுகின்றன. பத்தாம் நாள் விட்டுப்போனால் குற்றம் அவருடையது. சோம்பேறி என்ற பட்டத்தை அவரே தனக்குச் சூட்டிக்கொள்கிறார். இது தவறான கணக்கு. தினசரி ஒழுங்கை நிலைநிறுத்துபவை மூன்று: மாறாத நேரம், மாறாத இடம், கூட இருக்கும் மனிதர்கள். மன உறுதியின் பங்கு தொடங்கிவைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட் தம் சகாக்களுடன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் அவ்வப்போது தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று குறித்துவைத்தார்கள். அவர்களுடைய செயல்களில் சுமார் 43 சதவீதம், ஏறக்குறைய தினமும் அதே இடத்தில், வேறு எதையோ நினைத்தபடி செய்யப்பட்டவை. நாளின் இத்தனை பெரிய பகுதியை நாம் முடிவெடுத்து நடத்துவதில்லை. பல் துலக்கியதும் கை செல்போனுக்குப் போவதும், டீ வந்ததும் பிஸ்கட்டைத் தேடுவதும் சூழலின் அழைப்புக்கு உடல் கொடுக்கும் பதில்கள். அழைப்பு அப்படியே இருக்கும்போது பதிலை மட்டும் மாற்ற நினைப்பது, ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்துவதுபோல. கொஞ்ச நேரம் முடியும், அப்புறம் கை சோர்ந்துவிடும்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு புத்தகம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தாம் கவனித்ததை அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து நடத்திய ஆய்வு, சரியான படத்தைத் தந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதமானது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடுகிறவர்கள் இந்தச் செய்தியை நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அந்த 96 பேரும் புதிய செயலை அன்றாடம் நடக்கும் இன்னொன்றோடு, காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு என்பதுபோல, முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எப்போது, எங்கே என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது வெறும் எண்ணத்தைவிட எவ்வளவு வலுவானது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ‘இனிமேல் நடக்கப் போகிறேன்’ என்பவரைவிட, ‘பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு அப்படியே பார்க்கை இரண்டு சுற்று சுற்றுவேன்’ என்பவர் நடப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

நேரம் ஏன் இத்தனை முக்கியம்? நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது இப்போது உவமையாகச் சொல்லப்படுவதில்லை. மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசியைவிடச் சிறிய நரம்புக் கொத்து ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. செல்களுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். இந்தக் கடிகாரம் கச்சிதமாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் அதிகம் எடுக்கிறது. ஆகவே தினமும் அதைத் திருத்திவைக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். காலை வெளிச்சம்தான் அந்தக் கை. அது எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962இல் தம் உடம்பிலேயே சோதித்தார். கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாட்கள் அவருக்குத் தெரியாமலே கழிந்திருந்தன.

இதே துறையில் நம் மதுரையில் நடந்த ஒரு வேலையைத் தமிழர்கள் போதுமான அளவு அறிந்திருக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வை வளர்த்தவர் எம்.கே. சந்திரசேகரன். அவரும் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு குகை வௌவால்களைப் பற்றியது. சூரிய ஒளி ஒருபோதும் எட்டாத, வெப்பம் மாறாத குகையின் உட்பகுதியில் ஒரு வௌவாலைத் தனியாகக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் சுதந்திரமாக வாழ்ந்தன. அந்தியில் இரை தேடப் பறந்து, விடிவதற்குள் திரும்பின. கூண்டில் இருந்த வௌவால் வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அதன் ஓய்வும் பறப்பும் கூட்டத்தின் போக்குவரத்தோடு ஒத்துப்போயின. கூட்டம் இல்லாத நிலையில் வைத்தபோது, அதன் நாள் 24 மணியிலிருந்து மெல்ல விலகி, தன் போக்கில் ஓடத் தொடங்கியது. சுற்றத்தின் சத்தமும் நடமாட்டமும் மட்டுமே அதற்குச் சூரியனாக இருந்திருக்கின்றன.

வௌவாலுக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மனித உடலின் கடிகாரத்தைத் திருத்துவதில் வெளிச்சத்துக்கே முதலிடம். ஆனால் மின்விளக்கு வந்த பிறகு, எப்போது வெளிச்சத்தில் இருக்கிறோம், எப்போது இருட்டில் இருக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் சக மனிதர்கள்தானே? கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்து அடுப்பு மூட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. மார்கழியில் தெருவே நாலரைக்கு எழுகிறது. கோயில் ஒலிபெருக்கி, வாசல் தெளிக்கும் சத்தம், கோலமாவுக் கிண்ணத்தோடு எதிர்வீட்டுப் பெண் என ஒருவரை ஒருவர் எழுப்பிவிடுகிறார்கள். ரமலானில் சஹர் நேரத்துக்கு எழுவதும் அப்படித்தான். தை பிறந்ததும், பெருநாள் முடிந்ததும், அதே ஆட்கள் அதே நேரத்துக்குத் தனியாக எழ முடிவதில்லை. அந்த மாதத்தில் அவர்கள் விரதமிருந்த தைரியசாலிகள், மறுமாதம் சோம்பேறிகள் என்று யாராவது சொல்வார்களா?

உறக்கத்தைப் பற்றி 2024இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இந்த இடத்தில் நம் கவனத்தைக் கோருகிறது. பிரிட்டனில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையில் கட்டிய கருவிகள் பதிவுசெய்த தரவுகளை வைத்து, உறங்கும் நேரத்தின் அளவா, அது தினமும் மாறாமல் இருப்பதா, எது ஆயுளோடு நெருக்கமாகத் தொடர்புடையது என்று பார்த்தார்கள். ஒழுங்காக ஒரே நேரத்தில் உறங்கி எழுந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது; உறக்கத்தின் அளவைவிட அதன் ஒழுங்கே வலுவான அடையாளமாகத் தெரிந்தது. இது கவனித்துச் சொன்ன தொடர்பு. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே நோயுள்ளவர்களின் உறக்கம் குலைந்திருக்கவும் கூடும். ஆனால் வாரம் முழுக்க ஆறு மணிக்கு எழுந்து, ஞாயிறு பத்து மணி வரை கிடப்பவரின் உடல், வாராவாரம் வெளிநாட்டு விமானப் பயணம் போய் வந்ததுபோல அலைக்கழிகிறது என்பதை மறுக்க இடமில்லை. எனவே ஒரே ஒரு விஷயத்தைத்தான் நிலைநிறுத்த முடியும் என்றால், எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள் என்பேன். அது ஐந்து மணியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆறரையாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழக்கம் என்பது நினைக்காமல் செய்வது. மனநலத்துக்குத் தேவை என்று சொல்லப்படும் விழிப்புணர்வோ நினைந்து செய்வது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் முரண் இல்லையா? தினமும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்து யந்திரமாகிப்போவதா மனநலம்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே விடை தந்தார். எப்போது எழுவது, எதை முதலில் செய்வது என்று சின்னச் சின்ன முடிவுகளில் நாளைத் தேய்க்கிறவர்தான் பரிதாபத்துக்குரியவர். அவற்றைப் பழக்கத்திடம் ஒப்படைத்தவருக்கு மனம் உயர்ந்த வேலைகளுக்கு மிச்சப்படுகிறது என்பது அவர் வாதம். கோலம் போடும் பெண்ணைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். மாவை எவ்வளவு எடுப்பது, விரலை எப்படி விடுவது என்று அவர் யோசிப்பதில்லை, கை அறிந்திருக்கிறது. அதனால்தான் மனம் புள்ளிகளுக்கு நடுவே முழுதாக நிற்க முடிகிறது. பழக்கம் வாசலைத் திறந்துவைக்கிறது. உள்ளே போய் உட்காருவது கவனத்தின் வேலை. கவனம் எவ்வளவு அரிது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் ஐபோன் வழியாகக் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லாமல் எங்கோ அலைந்தது. அலையும்போது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தது.

அப்படியானால் மனத்தை நிறுத்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தால் போதாதா? ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி உலகெங்கும் பரவியது. நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்பப்பட்ட பலருக்கு அது பயன் தந்திருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதே வகைப் பயிற்சி ஒன்றை வகுப்புப் பாடமாக நடத்திப் பார்த்தபோது, வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளைவிட இவர்களின் மனநலம் மேம்படவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். எனினும், நாளுக்குள் தனக்கென்று ஓரிடம் கிடைக்காத பயிற்சி வகுப்பறையோடு நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்படி ஓரிடம் கொடுக்க, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் சொல்லும் வழி எளிமையானது. வைகறையில் எழுந்ததும், அன்று செய்ய வேண்டிய நல்ல காரியத்தையும் பொருள் தேடும் வேலையையும் எண்ணிப் பார்த்து, பிறகு தாய் தந்தையை வணங்கி நாளைத் தொடங்கச் சொல்கிறார். விழிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதற்கு நேரமும் உண்டு, பக்கத்தில் மனிதர்களும் உண்டு. இன்று அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்பதுதான் எல்லா மறுப்புகளிலும் கனமானது. இதைத் தள்ளிவிட்டுப் பேசுகிற எந்த அறிவுரையும் நேர்மையானதல்ல. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் கை வைத்ததாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்கள் 81 பேர். ஐந்து மணிக்கு எழுந்து அமைதியாக நடந்துவிட்டு வந்து, ஆவி பறக்கும் காபியோடு செய்தித்தாள் விரிக்கிற ஒருவரின் காலை, நாலே முக்காலுக்கு எழுந்து பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, டிபன் பாக்ஸ் கட்டுகிற இன்னொருவரின் காலைமீது நிற்கிறது. மாலை போட்ட சாமிக்காக வீட்டில் தலைக்குக் குளித்துச் சமைத்தவர் யார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த 41 நாள் ஒழுங்கைத் தாங்கிய முட்டுகளில் ஒன்று அவர் உழைப்பு. ஆகவே ஒழுங்குக்குக் கூட இருப்பவர்கள் வேண்டும் என்று சொன்னால், அவர்களுடைய ஒழுங்குக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் அரைமணி நேரம் கிடைக்காதவரை, ஒருவருக்குக் கிடைக்கும் அரைமணி நேரம் பறித்ததே.

நேரம் தம் கையிலேயே இல்லாதவர்கள் வேறு இருக்கிறார்கள். நள்ளிரவில் கோயம்பேட்டில் லோடு இறக்குகிறவர், ஓ.எம்.ஆரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற இளைஞர், வாரம் ஒரு ஷிப்டு மாறுகிற நர்ஸ், விடியுமுன் தெருப் பெருக்க வருகிற தூய்மைப் பணியாளர். உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் பரிசீலித்து அதையே உறுதிசெய்தது. இவர்களிடம் போய் சூரிய நமஸ்காரம் பற்றிப் பேசுவது அநியாயம். இவர்களுக்குத் தேவை, அடிக்கடி மாறாத ஷிப்டு, அட்டவணை முன்கூட்டியே கையில் கிடைப்பது, இரவுப் பணிக்குப் பின் போதிய ஓய்வு. அதைக் கொடுக்க வேண்டியவை நிறுவனங்களும் அரசும். அலுவலகத்தில் யோகா தினம் கொண்டாடிவிட்டு இரவு பதினொன்றுக்கு மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்கும் நிர்வாகம், ஊழியரின் நலனைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடுகிறது.

தனியாக வாழ்பவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். சென்னையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவரும், பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் பெரியவரும் இன்று கணிசமானோர். அவர்களுக்கும் துணை வேண்டும்; அது ஒரே கூரைக்குள் இருக்க வேண்டியதில்லை. தினமும் அதே நேரத்துக்கு மெரினாவில் நடக்க வரும் நாலு பேர் போதும். ஒரு நாள் வராவிட்டால் ‘என்ன, நேத்து காணோம்?’ என்று கேட்கிற அந்த ஒரு குரல், எந்த செயலியின் நினைவூட்டலையும்விட ஆழமாக வேலை செய்யும். அதிகாலை டீக்கடை பெஞ்சும், கோயில் பிரகாரமும், நூலகத்தின் நாளிதழ் மேசையும் பலருக்கு இந்தக் காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். எழும் நேரம் ஒன்றைப் பேசி முடிவுசெய்யுங்கள். இரவில் செல்போன்கள் எல்லாம் படுக்கையறைக்கு வெளியே, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எழுந்ததும் பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நில்லுங்கள், சேர்ந்தே நின்றாலும் சரி. வேறு எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். இரண்டு மாதம் போகட்டும், இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில், காலையில் அடுப்படியில் யார் நிற்பது, டிபன் பாக்ஸை யார் கட்டுவது, பாத்திரத்தை யார் கழுவுவது என்பதை முதலில் பேசிவிடுங்கள். எழும் நேரத்தை அதற்கு அப்புறம் முடிவுசெய்யலாம்.